சொட்டு விட்ட ஐந்து நிமிடம்

விசில் சத்தம் ஃபிரிட்ஜிலிருந்து வரவில்லை. மகள் அதன் பக்கவாட்டில் காதை ஒட்டி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உள்ளே மோட்டார் வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கீச்சொலி அதைவிட மெல்லியது. காலையிலிருந்து வீட்டுக்குள் எங்கேயோ விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு மேல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது என்று மருத்துவர் வந்து பார்த்துச் சொன்னார். இப்போது மணி நான்கு. வெளியூரிலிருந்து அண்ணன் வந்ததும், ஆறு மணிக்கு மயானத்துக்கு வண்டி வரும்.

அப்பா செத்துக் கிடக்கும்போது விசில் எங்கிருந்து வருகிறது என்று தேடும் மகளை என்னவென்று சொல்வது? அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது அவள் பிழைப்பு. குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கும் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறாள். நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின்மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தாளானால், தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எந்த வீட்டு வாசலில் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதுமேல் அப்பாவுக்குப் பெருமை தாங்காது. அவர் காது, முப்பது வருடம் தகடு அடித்த பட்டறையோடு போய்விட்டது. அந்தக் காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்ட ஒரே ஆளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்களாம், இவரும் சேர்ந்து. அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தம்போல, ஓய்வு பெற்ற பிறகு ஊருக்கே காவல்காரர் ஆகிவிட்டார். சாலையை உடைக்கிறவர்களிடம் போய்க் காதை மூடச் சொல்லிச் சண்டை போடுவார். மகளுக்குக் காதுக்கவசம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பேரப்பிள்ளைகளை விசாரிப்பதற்கு முன்னால் அதைத்தான் விசாரிப்பார்.

சந்தேகம் தீர ஃபிரிட்ஜைத் திறந்தும் பார்த்தாள். கதவில் முட்டை வைக்கும் குழியில் ஒரு தம்ளர், தம்ளருக்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு மருந்துப் புட்டி. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து. அதன்மேல் அப்பாவின் கொட்டை எழுத்து: ‘6 – 6. வலது.’ புட்டியைத் திறந்த தேதியும் இருந்தது. போன வாரம்.

விசில் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. அப்பாவுக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. எழுபத்துநான்கு வயதில் மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். அம்மாவுக்கு இடது கண் போய் இரண்டு வருடமாகிறது. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போனதாம். வலது கண் ஜம்மென்று இருக்கிறது என்று வாராவாரம் இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஒரே குரலில் சொன்னபோதே தனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

கூடத்தில் அத்தை ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்காவான அவளுடைய ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அவள் வந்தால் அப்பா காது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவார். அப்படியும் கேட்கிறது என்பார். யாருடைய போனோ கீச்சிடுகிறது என்று எல்லோர் போனையும் அணைக்க வைத்தவளும் அவள்தான். இப்போது விஷயம் வேறாக இருந்தது.

“நாப்பத்தாறு வருஷம் கூட இருந்தவ. காலைலேருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, பாத்தியா?”

அது உண்மைதான். அம்மா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். யார் வந்து கையைப் பிடித்தாலும் இடது கையையே கொடுத்தாள். முகம் கல்லாக இருந்தது. மகளுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அவள் வீட்டைச் சுற்றி வந்தாள், தெருவில் வேலைக்குப் போகிறவள் பார்ப்பதுபோல. அடுப்புத் திருகில் பசை ஒரு பொட்டாகக் காய்ந்திருந்தது. அது மேல்பக்கம் இருந்தால் அடுப்பு அணைந்திருக்கிறது என்று அர்த்தம். பின்வாசல் படியின் விளிம்பில் மஞ்சள் நாடா. வெள்ளை வாளிக்குள் சிவப்புக் குவளை. இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தோறும் கண்ணில் பட்டவைதான். கேட்டதற்கு, வயசானா கலர் கலரா இருந்தாத்தான் சந்தோஷம் என்று அப்பா சொன்னார். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். அம்மா காபி ஊற்றும்போது தம்ளருக்குள் விரல் நுனியை விட்டு அளவு பார்த்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். சுத்தமில்லையே என்று நினைத்தாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. ஊர்க் குழாயையெல்லாம் உற்றுக் கேட்கிறவள் அம்மா வீட்டில் கோட்டை விட்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு அண்ணன் வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிவிட்டு வேலைகளைக் கையில் எடுத்துக்கொண்டான், அது அவன் சுபாவம். வண்டிக்காரனுக்குப் போன் செய்தான். அம்மாவுக்கு நாலு புடவை எடுத்துவை, ராத்திரியே என்னோடு கூட்டிப் போகிறேன் என்றான். இரண்டு வருடத்துக்கு முன்பு இடது கண் போனபோது அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததுதான் அது: அம்மா அவனிடம், அப்பா இவளிடம். இரண்டு பேரும் நகர மறுத்துவிட்டார்கள்; அன்றிலிருந்துதான் வலது கண் ஜம்மென்று ஆனது.

அம்மா சரி என்று தலையாட்டினாள்.

மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. புடவை மாற்ற வேண்டும் என்று சொல்லி மகள் அம்மாவை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். அம்மா எழுந்ததும் விசிலும் எழுந்தது. நடைவழியில் கூடவே வந்தது. அறைக்குள் கதவைச் சாத்தியதும் சன்னமாக, மிகப் பக்கத்தில், முந்தானைக்குள்ளிருந்து கேட்டது.

“கைல என்னம்மா வெச்சிருக்க?”

அம்மா விரல்களை லேசாகத் தளர்த்தினாள். சத்தம் தேய்ந்தது. உள்ளங்கையில் அப்பாவின் காது மெஷின் இருந்தது. கைக்குள் மூடினால் அதன் ஒலி அதற்கே திரும்பி மறுபடி கீச்சிட்டது. மகள் தம்ளரோடு எடுத்து வந்திருந்த புட்டியை அம்மாவின் இடது கையில் வைத்தாள். தடவிப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

“அண்ணன்கிட்ட சொல்லிடாதே,” என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வலது கண்ணிலும் அழுத்தம் ஏறிவிட்டது, ஒன்றரை வருடமாக. நடுவில் மட்டும்தான் தெரிகிறது, ஓரமெல்லாம் இருட்டு. சொட்டு தவறாமல் விட்டால் இருப்பதாவது தங்கும், விட்டுவிட்டால் அதுவும் போய்விடும் என்று கண் மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். தானே விட்டுக்கொண்டால் கன்னத்தில்தான் விழுகிறது. அதனால் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் அப்பாதான் விடுவார். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் விரலை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்துக்குத் திறக்கக் கூடாது, அழவும் கூடாது. கண்ணீரோடு மருந்து போய்விடும். அந்த ஐந்து நிமிடமும் சும்மா இருப்பானேன் என்று, காலையில் அவர் தன் மெஷினைக் கழற்றி அம்மாவின் மடியில் வைப்பார். அம்மா ஒரு கையால் மூக்கோரத்தை அழுத்திக்கொண்டு, மறு கையால் மெத்தென்ற துணியில் அதைத் துடைப்பாள்.

“அந்த நேரம் எனக்குக் கண்ணு கிடையாது, அவருக்குக் காது கிடையாது. நல்ல ஜோடின்னு சிரிப்பார். அப்புறம் மணி பாத்து ‘ஆச்சு, திற’ம்பார். இன்னைக்குப் புது பேட்டரி. போட்டு மூடி, தயாரா கைல வெச்சுட்டு உக்காந்திருந்தேன்.”

அம்மா மெஷினைக் கட்டைவிரலால் தடவினாள்.

“ரொம்ப நேரமாச்சேன்னுதான் இருந்தது. ஏங்கன்னு கூப்பிட்டேன். மெஷின் எங்கிட்டதானே இருக்கு, அவருக்கு எப்படிக் கேக்கும்? பேப்பர்ல மூழ்கிட்டார்னு நெனச்சேன். அவர் சொல்லாம எப்படித் திறக்கிறது? பால்காரர் மணி அடிச்சப்புறம்தான் திறந்தேன்.”

பால்காரர் வருவது ஆறே முக்காலுக்கு. முக்கால் மணி நேரம் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தைக்காக.

வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணன் கதவைத் தட்டினான்.

“என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? வண்டி வந்துடுச்சு.”

“அஞ்சு நிமிஷம் நிக்கச் சொல்லுண்ணா.”

“அஞ்சு நிமிஷத்துல என்ன ஆகப்போகுது?”

“அப்பா விட்ட வேலை ஒண்ணு இருக்கு. முடிச்சுட்டு வரோம்.”

அவன் வாசலுக்குத் திரும்பிப் போனான். மகள் கையைக் கழுவி வந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, சொல்லாமலே முகத்தை மேலே தூக்கினாள். மகள் கீழிமையை இழுத்துப் பிடித்தாள். முதல் சொட்டு இமை முடியில் விழுந்து வழிந்தது. இரண்டாவது சரியாக உள்ளே விழுந்தது.

அம்மா கண்ணை மூடி, மூக்கோரம் விரலை வைத்தாள். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு அடித்து இரண்டு நிமிடம். கூடத்தில் அத்தை யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். மூடிய கைக்குள் விசில் விட்டுவிட்டு வந்தது.

“நாளைக்குக் காலைல யாரு விடுவா?” என்று கண்ணைத் திறக்காமலே அம்மா கேட்டாள்.

“நான். இங்கேயேதான். அண்ணன்கிட்ட சொல்லித்தான் ஆகணும்மா. ஆனா நீ எங்கேயும் போக வேண்டாம். அதை நான் பேசிக்கறேன்.”

மூன்றாவது நிமிடம் அம்மாவின் மோவாய் லேசாகக் கோணியது. உதட்டைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். நான்காவது நிமிடம் அண்ணனின் காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. அவன் தட்டவில்லை. நொடி முள் இவ்வளவு நிதானமாகச் சுற்றி மகள் பார்த்ததில்லை.

“ஆச்சும்மா,” என்றாள். “திற.”

அம்மா கண்ணைத் திறந்தாள். காலை ஆறு மணியிலிருந்து தேங்கியிருந்ததெல்லாம் ஒரேயடியாக வழிந்து கழுத்துவரை இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. மடியிலிருந்த கையை விரித்து, நகத்தால் தடவித் தேடி, மெஷினின் பொடி பேட்டரிக் கதவைத் திறந்தாள். விசில் நின்றது.

கூடத்தில் அத்தை பேச்சை நிறுத்திவிட்டு, என்ன, அந்தக் கீச்சுச் சத்தத்தையே காணோம் என்று யாரிடமோ கேட்டாள்.