மான்செஸ்டரின் நல்ல பிணம்

ஹொரேஸ் பிம்லாட் மான்செஸ்டர் தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை இறந்தார். இறந்த கையோடு பேருந்துக்குச் சில்லறை கொடுத்து வீடு வந்து சேர்ந்தார். நேரலைத் துப்பறியும் நாடகம், அவருக்குப் பிண வேடம். தளப் பொறுப்பாளர் 'எழுந்திருக்கலாம்' என்று சொல்லும்வரை பிணம் பிணமாகவே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பொறுப்பாளர் கிரிம்ஷாவுக்கு அன்றோடு ஓய்வு. கேக் வெட்டும் அவசரத்தில் சொல்ல மறந்துவிட்டார். கேட்டு வாங்குவது மரியாதையில்லை என்று ஹொரேஸும் அப்படியே இருந்துவிட்டார்.

அதன்பிறகு அவர் காட்டில் மழைதான். பாதிரியார் வீட்டுத் தோட்டம், பிரபுவின் நூலகம், தேம்ஸ் நதிச் சேறு என்று எங்கும் அவரே கிடந்தார். வானொலியில்கூடப் பிணமாக நடித்தார். மற்றப் பிணங்களுக்கு வயிறு உறுமும். இவருடைய மௌனத்தில் கலப்படமே இல்லை என்று நேயர்கள் கடிதம் போட்டார்கள். கறிக்கடைக்காரர் மட்டும், “கொஞ்சம் வெளுத்துட்டீங்க சார்,” என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

மனைவி எட்னாவுக்குத்தான் தாங்கவில்லை. இரவில் அவர் நெஞ்சில் காதை வைத்தால் பக்கத்து வீட்டுக் கடிகாரம்தான் கேட்டது. பாவம், அவள் ஆசைப்பட்டதெல்லாம் ஒரு துடிப்புக்குத்தான்.

“வா, கிரிம்ஷாவைப் போய்ப் பாத்துட்டு வருவோம்.”

“மூச்சு விடுற பொணத்தை எவன் கூப்பிடுவான்? பொழப்புல மண்ணு விழுந்துரும்டி.”

“பொழப்பு நல்லாத்தான் இருக்கு, புருஷன் எங்கே? பன்னெண்டு வருஷமா ஒரு விதவை உனக்கு முட்டை பொரிச்சுப் போடுறா, தெரியுமா?”

ஹொரேஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மோர்கேம் வளைகுடாக் கடற்கரையில் கிரிம்ஷா வெண்ணெயில் வதக்கிய இறால் தின்றுகொண்டிருந்தார்.

“அடப்பாவி, நீ இன்னுமா செத்துக் கெடக்கே? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!”

“நீங்க கேக் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க சார். எதுக்குத் தொந்தரவுன்னு…”

“சரி சரி, எழுந்திருக்கலாம்.”

ஹொரேஸின் கன்னம் சிவந்தது. இத்தனை வருடக் கம்பளத் தூசியும் ஒன்றாகக் கிளம்ப, ஒரு தும்மல் போட்டார். கடற்கரையிலிருந்த தொப்பிகளெல்லாம் பறந்து வளைகுடாவின் அக்கரையில் இறங்கின. அங்குள்ளவர்கள் தூசி தட்டி அடுத்த படகில் திருப்பியனுப்பினார்கள். அத்தோடு ஹொரேஸின் பிண வாழ்வும் முடிந்தது. அதைப் பற்றியெல்லாம் எட்னா அப்போது நினைக்கவில்லை. அத்தனை பேர் பார்க்க அவர் நெஞ்சில் காதை வைத்து நெடுநேரம் கேட்டாள்.

“நூறாயுசு,” என்றாள்.