சுண்ணாம்பு போடாத ஆரத்தி

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஏரிமேட்டுக்கு ஊர்ப்பட்ட சொந்தக்காரர்கள் வருவார்கள். மற்ற நாட்களில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இப்படியொரு ஊர் இருப்பது புகைக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் தேர்தலுக்குப் பெண்கள் ஒரே பேச்சாக இருந்தார்கள்: குழாயில் நல்ல தண்ணீர் வந்தால்தான் எந்த வேட்பாளருக்கும் ஆரத்தி. அவ்வளவுதான், வேட்பாளர் பார்த்திபனின் ஆட்கள் ஏரிக்கரையில் போர் போட்டு, காய்ந்து கிடந்த மேல்நிலைத் தொட்டியில் இணைத்து, நேற்று திறந்தும் விட்டார்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பழைய கைபம்புத் தண்ணீரின் நாற்றம் இல்லை. எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் திலகவதி. அவள் மகள் ரம்யா கடம்பத்தூரிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் பிள்ளை இதே வீட்டில்தான், ஏழாம் மாதத்தில், வயிற்றுக்குள்ளேயே இறந்தது. "உங்க ஊரு தண்ணிதான் முழுங்கிச்சு" என்று சம்பந்தியம்மாள் முகத்துக்கு நேராகச் சொன்னாள். இந்த முறை திலகவதி மகளுக்குக் கேன் தண்ணீர்தான் வாங்கி வைத்தாள்.

மாலையில் பட்டாசு வெடித்து, மேளத்தோடு வேன் வந்து அம்மன் கோயில் முன்னால் நின்றது. திலகவதி தாம்பாளத்தில் புதுத் தண்ணீரை ஊற்றி மஞ்சள்தூளைப் போட்டு விரலால் கலக்கினாள். கலக்கிய இடத்திலிருந்து சிவப்பு கிளம்பித் தட்டு முழுவதும் பரவியது. சுண்ணாம்பு டப்பா இன்னும் பக்கத்திலிருந்த லட்சுமியம்மாளின் கையில், மூடி திறக்காமல் இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லட்சுமியம்மாள் உச்சந்தலையில் கைவைத்து அலறினாள். "சுண்ணாம்பே போடல, செவந்துச்சு! ஆத்தா தண்ணியில எறங்கிட்டாடி!"

குலவை எழுந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த பார்த்திபனுக்கு அவல் கிடைத்தது. "அம்மனே நமக்கு ஓட்டு போட்டுட்டா" என்று மைக்கில் சொன்னான். "புள்ளத்தாச்சிங்களுக்கு மொதல்ல குடுங்கடி" என்று யாரோ சொல்ல, பெண்கள் குழாயில் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு திலகவதியின் வீட்டுப் பக்கமே திரும்பினார்கள்.

திலகவதி மட்டும் சிவந்த தட்டையே பார்த்தாள். சுண்ணாம்பு இல்லாமல் சிவக்கிறதென்றால், சுண்ணாம்புக்கு அண்ணனாக ஏதோ ஒன்று அந்தத் தண்ணீரில் இருக்கிறது.

"குடிக்காதீங்க!" என்று கத்தினாள். மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. தாம்பாளத்தைத் தரையில் அடித்தாள். சிவப்புத் தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது, கொண்டை அவிழ்ந்தது. மேளம் நின்றது.

லட்சுமியம்மாள் அவள் காலில் விழுந்தாள். "இன்னா கொற தாயி? சொல்லும்மா!"

திலகவதிக்கு ஒருநாளும் சாமி வந்ததில்லை. ஆனால் திலகவதி சொன்னால் தெருநாய்கூடத் திரும்பாது, ஆத்தா சொன்னால் வேட்பாளரும் குனிவான். அவள் தலையைச் சுழற்றி ஆடத் தொடங்கினாள். குடிக்காதே என்று மட்டும்தான் சொல்ல நினைத்தாள்.

"எவன்டா என் வயித்துல ஊத்தனது?"

குரல் ஆண்பிள்ளைக் குரல் போலத் தடித்திருந்தது. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. "கரைக்கு அடியில கொழா பொதச்சி கம்பெனிக் கழிவ ஊத்திக்கினு கீறீங்களே, எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அப்படியொரு குழாய் இருப்பது திலகவதிக்குத் தெரியாது. பார்த்திபனுக்குத் தெரிந்திருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ குடிடா மொதல்ல."

யாரோ ஒரு சொம்பை அவன் கையில் திணித்தார்கள். உதடுவரை கொண்டுபோனான். "ஆத்தா, நான் வெரதம்..." என்று சொம்பைக் கீழே வைத்தான்.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் குடத்தைக் கவிழ்த்தார்கள். ஒருத்தி தொட்டி வால்வை மூட ஓடினாள். போதும் என்று திலகவதி நிறுத்தப் பார்த்தாள். கால்கள் நிற்கவில்லை. தலை தானாகச் சுழன்றது. உள்ளே யாரோ மூச்சுவிடுவது அவளுக்குக் கேட்டது.

கூட்டம் விலகியது. ரம்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா என்று கூப்பிடவில்லை. கைகூப்பி முன்னால் நின்றாள்.

"தாயி, கேன்காரன் இன்னிக்கி வர்ல. கொழாத் தண்ணி நல்லாகீதுன்னு எங்கம்மா சொல்லிக்கினு இருந்தாங்க. காத்தாலேர்ந்து அதத்தான் குடிச்சேன். எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

கால்கள் சட்டென்று நின்றன. உள்ளேயிருந்த மூச்சு வந்த மாதிரியே போய்விட்டது. ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சத்தியம் பண்ணு தாயி" என்று லட்சுமியம்மாள் கற்பூரத்தை ஏற்றி அவள் உள்ளங்கையில் வைத்தாள். ஆத்தாளுக்குச் சுடாது. திலகவதிக்குச் சுட்டது. கையை உதறினால் கவிழ்த்த குடமெல்லாம் மறுபடி நிரம்பிவிடும்.

அவள் கையை நீட்டியபடியே மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவாதுடி" என்றாள்.