டீசல் குழாயில் காற்று

அத்தானின் டீசல் காருக்குத் தெருவில் 'இருமல் வண்டி' என்று பெயர். காலையில் சாவியைத் திருப்பினால் கர்ர் கர்ர் என்று இழுக்கும், வெள்ளைப் புகையைக் கக்கும், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைப் படாரென்று சாத்துவார். அத்தோடு பேட்டரியும் படுத்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் விடுவதுதான் அத்தானின் பிழைப்பு. வண்டி கிளம்பாத நாளில் பெற்றவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார்கள்.

இதில் மானம் போனது அத்தானுக்கு அல்ல, மச்சினனுக்கு. அவன் டீசல் மெக்கானிக். ஊரில் இருக்கிற லாரியெல்லாம் அவன் கை பட்டதும் பூனைக்குட்டியாகிவிடுகிறது, சொந்த அக்கா வீட்டு வண்டி மட்டும் அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. முதல் தடவை வந்தபோதே கோளாறைப் பிடித்துவிட்டான். டீசல் ஃபில்டருக்குப் போகிற ரப்பர் குழாயில் கிளிப் தளர்ந்திருந்தது. வாசலில் நின்ற அக்காவைக் கூப்பிட்டு, பெரிய பேராசிரியர் மாதிரி பாடமே நடத்தினான். "பாருக்கா, இந்த திருகு கொஞ்சம் லூசானா போதும். ராத்திரியெல்லாம் காத்து உள்ள போயிடும், டீசல் டாங்குக்கே திரும்பி இறங்கிடும். காலையில இழு இழுன்னு இழுக்க வேண்டியதுதான்." அக்கா குனிந்து நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

இறுக்கிவிட்டுப் போனான். சில நாள் நன்றாக ஓடியது. பிறகு பழைய குருடிதான். ஹீட்டர் பிளக்கை மாற்றினான். ஃபில்டரை மாற்றினான். ஸ்டார்ட்டரைக் கழற்றித் துடைத்தான். கிளிப்பை இறுக்கிவிட்டுப் போவதும், அது மறுபடி தளர்ந்து கிடப்பதுமாக இருந்தது. என்ஜின் அதிர்வில் தளர்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அத்தானோ, "விடு மாப்ள, அதுக்கும் வயசாச்சு" என்பார். விடுவானா? வீம்பு பிடித்தவன் அவன்.

ஒரு நாள் காலையில், தான் வருமுன் வண்டியைத் தொடவே கூடாது என்று முதல் நாளே சொல்லி வைத்துவிட்டு வந்தான். என்ஜின் குளிர்ந்திருந்தால்தான் நோய் தெரியும். ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டினான். அத்தான் சாவியைத் திருப்பியதும் குழாய்க்குள் குமிழ் குமிழாகக் காற்று ஓடியது. திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவனுக்கு. பழைய கிளிப்பைத் தூக்கி எறிந்தான். புதுக் குழாய் போட்டு, நட்டு வைத்த கனமான கிளிப்பை இரண்டாக மாட்டி, ஸ்பேனரால் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். கைப்பம்பை அமுக்கினான், டீசல் நிறைந்து பம்பு கல்லாக இறுகியது.

"இப்ப அடிங்க அத்தான்."

ஒரே திருப்பு. இருமலும் இல்லை, புகையும் இல்லை. அத்தான் கியரைப் போட்டுப் பிள்ளைகளை ஏற்றக் கிளம்பிவிட்டார்.

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கை கழுவ உள்ளே போனான். சமையலறையில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதுக்கா. இனிமே ஸ்பேனர் இல்லாம அந்த கிளிப்பை எவனாலயும் அசைக்க முடியாது."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"வண்டி போயிடுச்சா?"

"போயே போச்சு."

"ஏன்டா சரி பண்ணின?"

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அதன் முனை மழுங்கி வளைந்திருந்தது. திருகைத் திருகி வளைந்த கத்தி அது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. தூக்கிவாரிப் போட்டது.

"நீயாக்கா?"

"போன மாசம் கடைக்குப் போனோம். ஓட்டிக்கிட்டே இருந்தவரு அப்படியே மரமாட்டம் ஆயிட்டாரு. கண்ணு திறந்துதான் இருக்கு. கூப்பிட்டா கேட்கல. நான்தான் ஸ்டியரிங்கைப் புடிச்சு இழுத்தேன். அப்புறம் முழிச்சு, 'எங்க போறோம்'னு கேட்கிறாரு. டாக்டர்கிட்ட வாங்கன்னா, வெளிய தெரிஞ்சா யாரு பிள்ளைய அனுப்புவாங்கன்னு என் வாயை அடைச்சுட்டாரு. நான் என்னடா பண்றது? நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் பண்ணினேன்."

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் கையாலேயே, அதுவும் பல்லைக் கடித்து இறுக்கி, அந்த மனுஷரைப் பிள்ளைகளோடு சாலைக்கு அனுப்பி வைத்திருக்கிறான்! கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் பைக்கை எடுத்தான்.

போகிற வழியெல்லாம் கூட்டம் எங்கே கூடியிருக்கிறது என்றே அவன் கண் தேடியது. ஆம்புலன்ஸ் சத்தம் மாதிரி எதுவோ கேட்டு உயிரே போய்விட்டு வந்தது. அது ஒரு கடையின் மாவு மிஷின்.

மருந்துக்கடை முனையில் இருமல் வண்டி நின்றிருந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தன. ஒரு தாய் கடைசிப் பெண்ணின் பையை உள்ளே திணித்துக்கொண்டிருந்தாள். அத்தான் ஸ்டியரிங்கில் கைவைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் பைக்கை வண்டியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே போட்டான். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான்.

"என்னப்பா இது?" என்றாள் அந்தத் தாய்.

"என் வேலையில தப்பு இருக்குங்க. டீசல் ஒழுகுது, தீப்புடிச்சாலும் புடிக்கும். எல்லாரையும் இறக்கிடுங்க."

ஆயுளில் முதல் தடவையாகத் தன் வேலையைத் தானே கெட்ட வேலை என்று சொன்னான். அந்தத் தாய், "நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?" என்று கேட்டபடி பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

அத்தான் மட்டும் இறங்கவில்லை. டீசல் ஒழுகவில்லை என்று அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

"எத்தனை தடவைன்னு சொன்னா?"

"ஒரு தடவை. கடைக்குப் போனப்ப."

நடைபாதையில் வரிசையாக நின்ற பிள்ளைகளை அத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சாவியைப் பிடுங்கி அவன் கையில் வைத்தார்.

"அவ என் பக்கத்துல இருந்தது அந்த ஒரு தடவைதான் மாப்ள."