வானத்தின் மேல் போட்ட பழி

கப்பலில் இருப்பவரோடு பேசினால் பதில் அரை நொடி தாமதமாகத்தான் வரும். பேச்சு செயற்கைக்கோள் வரை ஏறி இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டுமே. இதை ரிஃபானாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பல்களுக்கு சாட்டிலைட் போன் வடிவமைக்கும் கம்பெனிக்கு, திருமலைராயன்பட்டினத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் அவள். சிக்னல் எங்கே, எதனால் தடுமாறும் என்று கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. அந்தி சாய்ந்தால் வானத்தின் மேலடுக்கு கலங்கிப் பேச்சு சிதறும் என்று கல்யாணமான புதிதில் கணவன் கபீருக்குப் பாடமே நடத்தினாள். புதுப்பெண்டாட்டிக்குப் பேச வேறு விஷயமா கிடைக்கவில்லை! அவனும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டான்.

இந்த மாதத்தோடு கபீரின் கப்பல் ஒப்பந்தம் முடிகிறது. மகள் அஃபீஃபாவை அவன் இன்னும் தூக்கிக்கூடப் பார்த்ததில்லை. மருமகன் வருகிறார் என்று உம்மா மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்துவிட்டாள்.

அந்திநேர மஃரிபு தொழுகை முடிந்ததும் போன் வந்தது. நலம் விசாரித்த கையோடு ரிஃபானா கேட்டுவிட்டாள்.

"மச்சான், இந்த மாசம் எறங்கி வந்துடுவீங்கதானே?"

பதில் இல்லை. அரை நொடி போயிற்று, அதற்கு மேலும் போயிற்று.

"ரிஃபானா? ஒண்ணும் கேக்கல. நீதான் சொல்லுவியே, அந்திக்கு மேல வானம் கலங்கும்னு."

அவளுக்கு உயிர் வந்தது. அப்படியும் நடப்பதுண்டு. அவன் குரல் இங்கே வந்து, இவள் குரல் மட்டும் வழியில் தொலையலாம். சோதித்துப் பார்க்கிற புத்தி எங்கே போகும்?

"அஃபீஃபாவுக்குப் பல்லு மொளச்சிடுச்சு மச்சான்" என்றாள், மெதுவாக.

அரை நொடியில் சிரிப்புச் சத்தம். "அல்ஹம்துலில்லாஹ்! மேலயா, கீழயா?"

"கீழதான். எப்ப வர்றீங்க, அவளைப் பார்க்க?"

மறுபடியும் மௌனம். அந்த மௌனத்தில் தட்டில் கரண்டி படுவது கேட்டது. அவனுக்குப் பின்னால் யாரோ இந்தியில் சோறு கேட்டார்கள். எஞ்சின் ஒரே சீராக உறுமியது. மெதுவாகச் சொன்ன பல் விஷயம் அங்கே போய்ச் சேர்ந்ததே, வரும் நாளைக் கேட்டது மட்டும் எப்படித் தொலையும்?

"கேக்கலையே ரிஃபானா."

அவளுக்குப் புரிந்துபோயிற்று, ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டான். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஊரில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் லைன் சரியில்லை என்று நம்பி, நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பாள். படித்த படிப்பு அவளுக்கு அந்த ஆறுதலையும் விட்டுவைக்கவில்லை.

"விடுங்க மச்சான்" என்றாள், முன்னைவிடத் தணிந்த குரலில். "இன்னைக்கு வானம் சரியில்ல."

"ஆமா ரிஃபானா, வானந்தான் சரியில்ல" என்று சரியாக அரை நொடியில் பதில் வந்தது. ஒரு சொல்கூடச் சிதறவில்லை.