கொட்டைக்கு ஆகாத மணல்

முதலாளி லிங்கசாமி வயநாட்டிலிருந்து மதனகாமப்பூ மரத்தின் கொட்டைகள் நாலைந்து வாங்கி வந்திருந்தார். அபூர்வமான மரம், முளைப்பதே கஷ்டம். தண்ணீர் தேங்கினால் கொட்டை அழுகிவிடும், மணல் அதிகம் கலந்த மண் வேண்டும் என்றார். அவருடைய சாயப்பட்டறையில் மூட்டை தூக்கும் என்னைத்தான் தொட்டி நிரப்பச் சொன்னார். நான் நொய்யலில் ஒரு சாக்கு மணல் அள்ளிக்கொண்டு போனேன்.

"எங்கிருந்து எடுத்தே, இசக்கி?"

"ஆத்துலதான் மொதலாளி. நாங்க குடியிருக்க லைன் வீட்டுக்குப் பின்னால."

அவர் சிரித்தார். "திருநெல்வேலிக்காரனுக்கு ஆத்து மணல்னாப் போதும்! சாயத்தண்ணி ஊறுன மணலப்பா இது. கொட்டை வெந்து போயிரும்."

"நல்லாக் கழுவிப் போட்டிருதேன்."

"எதுல கழுவுவே? உங்க லைன் வீட்டு போர்த் தண்ணியும் அதேதான்."

அந்த லைன் வீடும் போரும் அவருடையவை. என் மகள் வயிற்றுவலியில் சுருண்டு கிடப்பதும் அவருக்குத் தெரியும். அதற்காக அவரிடம்தான் லீவு கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் மடத்துக்குளத்திலிருந்து அமராவதி ஆற்று மணல் வந்தது. செம்மண்ணோடு கலந்து தொட்டிகளை நிரப்பினேன். கொட்டைகளைப் பாதி வெளியே தெரியும்படி பதித்து, அவர் கொடுத்த கேன் தண்ணீரைத் தெளித்தேன். அது அவர்கள் குடிக்கிற தண்ணீர்.

வீட்டுக்குப் போனபோது என் மனைவி சித்ராதேவி மகளை மடியில் சாய்த்து, டம்ளரை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

"கொதிக்க வச்ச தண்ணிதாங்க," என்றாள்.

டம்ளரோடு நின்றேன். வீட்டில் வேறு தண்ணீர் இல்லை.