மூடாத மதகு

"மழைடி, மழை!" என்று அக்கா போனில் கத்தினாள். ஊரே தெருவில் இறங்கி ஆடுகிறதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை ஏரிக்குள் வீசியிருப்பேன்.

குடிநீர் ஏரியின் மதகைத் திறப்பதும் மூடுவதும்தான் என் வேலை. சுற்றியிருக்கும் மலையைக் காட்டுத்தீ மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டது. மழை பெய்தால் அங்கே கிடக்கும் சாம்பல் அத்தனையும் ஏரிக்குத்தான் வரும். அதற்குள் மதகை மூடிவிட்டால் கீழ்த்தொட்டியில் இருக்கும் நல்ல தண்ணீராவது மிஞ்சும். அந்தத் தொட்டியை நம்பித்தான் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியை நம்பித்தான் அக்கா வீட்டுக்காரர், என் அத்தான். நாளைக்கு அவருக்கு டயாலிசிஸ்; அதற்குச் சுத்தமான தண்ணீர் நிறைய வேண்டும்.

"இன்னொரு தடவ திருகுங்கண்ணே!" என்றேன் ஃபிட்டரிடம்.

சக்கரம் இம்மியும் அசையவில்லை. தீ நெருங்கிய அன்று மதகின் இரும்புத்தண்டு பழுத்துவிட்டது. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று மனுஷன் வாளி வாளியாக ஏரித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். எங்களுக்குத் தண்ணீருக்கா பஞ்சம்! தண்டு சுரீரென்று குளிர்ந்து கோணிக்கொண்டது; மதகு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. புதுத் தண்டு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஆபீசில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மழை முந்திக்கொண்டது.

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்" என்றார்.

"இப்ப பேசாதீங்கண்ணே, தள்ளுங்க."

கடப்பாரையைச் சக்கரத்தில் கோத்து இருவரும் தொங்கினோம். என் உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். சாம்பலைத் தடுக்க மலையடியில் நாங்கள் அடுக்கிய வைக்கோல் கட்டுகளை உருட்டிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் இறங்கியது. மணல் மூட்டைகளை மதகின் வாயில் தள்ளினோம். ஒவ்வொன்றையும் இழுத்து விழுங்கிவிட்டது.

"நில்லேன், சனியனே!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். மாடித்தொட்டித் தண்ணீர் வார்டுக்கே காணாதாம். லாரி வரலாமென்றால் மரங்கள் விழுந்து சாலை அடைபட்டுக் கிடக்கிறது.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை அத்தான்.

"என்ன மச்சினிச்சி, ஏரி ரொம்புதா? இனிமே உன்னக் கையில புடிக்க முடியாதே!"

"அத்தான், நாளைக்கு ஆஸ்பத்திரியில..."

"அட, நீயுமா? காலையில மொத ஆளா போயிடுவேன். உங்கக்கா விட்டுருவாளா? இப்பவே பைய எடுத்து வாசல்ல வச்சிட்டா."

அவர் சிரித்தார். பின்னால் அக்காவும் சிரிப்பது கேட்டது. மதகுக்குள் சாம்பல் தண்ணீர் சுழித்துச் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது.

"சரி அத்தான்" என்றேன்.