நாலாம் பாத்தியின் பட்டினி

மாப்பிள்ளையூரணிக்குப் பக்கத்தில் நல்லக்கண்ணு அண்ணாச்சியின் கம்புக் காட்டில் நான்கு பாத்திகள் என் பொறுப்பு. மூன்றுக்கு வெவ்வேறு அளவில் யூரியா. நாலாவதுக்கு ஒன்றும் கிடையாது. மண் தன்பாட்டுக்கு எவ்வளவு நைட்ரஜன் தருகிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரியும். வாரம் ஒருமுறை பாத்திமேல் வாளியைக் கவிழ்த்து, மண்ணிலிருந்து கிளம்பும் வாயுவை ஊசியில் உறிஞ்சுவேன். பிறகு மண்ணை அள்ளிப்போய்ச் சோதிப்பேன். எம்.எஸ்சி. பட்டம் இப்படித்தான் கிடைக்கும் என்றார்கள்.

என் கம்ப்யூட்டர் மாடல், நாலாம் பாத்தி மஞ்சளாகும் என்றது. அதுவோ மற்ற மூன்றையும்விடக் கரும்பச்சையாய் நின்றது. வெள்ளிக்கிழமைக்குள் மாடலும் காட்டில் எடுத்த அளவும் ஒத்துப்போகாவிட்டால் இன்னும் ஆறு மாதம் என்று என் வழிகாட்டி விஜிலா மேடம் சொல்லியிருந்தார். ஆகவே 'கடற்காற்று வழி வரும் நைட்ரஜன்' என்று ஓர் எண்ணை மாடலில் சேர்த்து, கோடுகள் ஒட்டும்வரை ஏற்றினேன். ஒட்டின. அந்தக் கணக்குப்படி துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் தலையில் கம்பு முளைத்திருக்க வேண்டும்.

வியாழன் காலை போனபோது நாலாம் பாத்தியில் மூன்று பூனைகள் உட்கார்ந்திருந்தன. மாடலில் பூனைக்கு இடம் விட்டிருக்கவில்லை. பின்னாலேயே அண்ணாச்சி சட்டியோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி அது?"

"சாளை மீன் கழுவுன தண்ணிலே. தெனமும் ஊத்துதேன்."

"இதுக்கு ஒண்ணுமே போடக்கூடாதுன்னு சொன்னேம்லா!"

"சொன்ன. எனக்குத்தான் மனசு கேக்கல. பந்தியில மூணு பேருக்குச் சோறு வச்சுட்டு, நாலாவது ஆளை வெறும் எலையைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுத. நீயெல்லாம் மனுசனாலே?"

கடற்காற்றுக் கணக்கோடு போய்விடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். மேடம் ஒட்டிய கோடுகளைப் பார்த்துவிட்டு, "ஜெபின், இதை ஜர்னலுக்கு அனுப்பலாமே," என்றதும் பயம் வந்து, சட்டி முதல் பூனை வரை ஒப்பித்தேன்.

"ஆறு மாசம்," என்றார் மேடம். "இந்தத் தடவை பயிருக்குப் பாவம் பாக்காத ஆளாப் பாரு."

அப்படிப்பட்டவர் வேலிக்கு அந்தப் பக்கமே இருந்தார்: அண்ணாச்சியின் பங்காளி இசக்கிராஜா. தாத்தா பிரித்துக் கொடுத்த ஒரே மண். பதினோரு வருடமாகப் பேச்சு மட்டும் இல்லை. புதிய நாலாம் பாத்தியை அவர் நிலத்தில் போட்டேன்.

"அவன் காட்டுக்கா? எச்சித் தண்ணிகூட ஊத்த மாட்டேன்," என்று அண்ணாச்சி உறுதி கொடுத்தார். அறிவியலுக்கு வேறென்ன வேண்டும்.

ஒரு மாதத்தில் பாத்தி அற்புதமாக வெளிறியது. இசக்கிராஜாவின் முகமும்.

"ஏலே, அவன் கம்பு பச்சைப்பசேல்னு நிக்கி. எனக்கு மட்டும் சோகை புடிச்ச பயிரா? நாளைக்கே ஒரு மூட்டை யூரியா தட்டுதேன் பாரு."

இன்னோர் ஆறு மாதம் கண்முன் வந்து நின்றது. "ஐயோ, இதை வச்சுத்தான் நல்லக்கண்ணு அண்ணாச்சி பாத்தி மூணையும் அளக்கோம். இது இல்லேன்னா அதுக்கு மதிப்பே கெடையாது."

"அப்போ அவன் நெலத்துக்கு என் நெலந்தான் அளவா?"

"ஆமா."

மறுநாள் பாத்தியைச் சுற்றி ஆளுயரத்துக்கு உடைமர முள் வேலி ஏறியிருந்தது. மண் எடுக்க நானே அரை மணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது.

"ஒரு கரண்டிதான்லே," என்றார் இசக்கிராஜா. "மேல அள்ளுனா கையை முறிச்சுருவேன்."